போலந்துல துக்கத்துக்குப் போறது எப்படி: கதவுல ஒட்டுற நோட்டீஸ்ல இருந்து நவம்பர் 1 விளக்கு வரைக்கும் முழு வழிகாட்டி

கிராக்கோவ் வந்து நாலாவது வருஷம். ஒரு நாள் காலைல ஆபீஸுக்குக் கெளம்பி கீழ இறங்கி வந்தா அபார்ட்மெண்ட் வாசக்கதவுல கருப்பு பார்டர் போட்ட பேப்பர் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. நாளைக்குத் தண்ணி வராதுனு ஏதாவது நோட்டீஸா இருக்கும்னு நெனச்சு படிக்காமலே போய்ட்டேன். சாயங்காலம் திரும்பி வரும்போது எதிர் வீட்டுக்காரர் நிறுத்திச் சொன்னப்பதான் தெரிஞ்சது, எங்க ஹவுஸ் ஓனர் அம்மாவோட வீட்டுக்காரர் இறந்துட்டாரு, மூணாவது மாடிலயே இருந்தவங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ படியில பாத்து "ஜென் டோப்ரி"னு வணக்கம் சொல்ற மனுஷன்.

அந்த சாவுக்குப் போய் நான் பண்ணின தப்புகள ஒவ்வொண்ணா எழுதினாலே இந்த வழிகாட்டி ரெடி ஆயிடும். இப்ப நம்மாளுங்க போலந்துல நெறைய பேர் இருக்காங்க, ஐடி, காலேஜ், ஃபேக்டரி வேலைனு. கூட வேலை பாக்குறவங்க வீட்டுல, பக்கத்து வீட்டுலனு ஒரு நாள் இப்படி ஒரு நேரம் கண்டிப்பா வரும். அப்ப கூகுள்ல தேடிக்கிட்டு நிக்க வேணாம். இங்க பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்தான், அதனால அவங்க முறையத்தான் எழுதுறேன், மத்தவங்க பத்தி கடைசியில கொஞ்சம் இருக்கு.

படி 1: கதவுல இருக்குற பேப்பர படிங்க

அந்த பேப்பருக்குப் பேரு கிளெப்ஸிட்ரா. அந்த வார்த்தைக்கு மொத அர்த்தம் பழைய காலத்து நேரம் காட்டுற கருவி, தண்ணியோ மணலோ சொட்டிக்கிட்டே இருக்குமே அது. நம்மூரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரிதான், ஆனா ஃபிளெக்ஸ் சைஸ் இல்ல, கும்பிடு போடுற போட்டோ இல்ல, கீழ "இவண்"னு முப்பது பேர் பேரும் இல்ல. சிலுவைக்குக் கீழ ரெண்டு எழுத்து இருக்கும், "புனித நினைவுக்குரிய"ங்குறதோட சுருக்கம், நம்ம "அமரர்" மாதிரி வெச்சுக்கோங்க. அதுக்குக் கீழ பேரு, வயசு, எந்த சர்ச்ல எத்தன மணிக்கு பூசை, எந்த கல்லறையில அடக்கம். வீட்டு வாசல், சர்ச் போர்டு, கல்லறை கேட், கிராமம்னா பஸ் ஸ்டாப், கடை வாசல் வரைக்கும் ஒட்டியிருக்கும்.

கடைசி ரெண்டு வரிய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, டிரான்ஸ்லேட் ஆப்ல போட்டாவது படிங்க. "கல்லறையில துக்கம் விசாரிக்க வேண்டாம்"னு சில குடும்பம் போட்டிருப்பாங்க, அப்ப கையப் புடிச்சு எதுவும் பேசக்கூடாது, சும்மா நின்னுட்டு வரணும். "பூவுக்குப் பதிலா இந்த ஆசிரமத்துக்குக் காசு குடுங்க"னும் இருக்கலாம், அப்ப கல்லறையில யாராவது ஒரு டப்பாவோட நிப்பாங்க.

யாரும் உங்களக் கூப்பிட மாட்டாங்க. நல்லதுக்குச் சொன்னாத்தான் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகணும்னு நம்மூர்ல சொல்றது இங்கயும் அப்படியே செல்லும். அயர்லாந்துல இதே வேலைய ஒரு வெப்சைட்டும் லோக்கல் ரேடியோவும் செய்யுது, சாவு செய்திய ரேடியோவுல வாசிப்பாங்க. பல்கேரியாவுல போட்டோவோட ஒட்டுவாங்க, அதுவும் நாப்பது நாள், ஒரு வருஷம்னு திரும்பத் திரும்ப புதுசா ஒட்டுவாங்க. போலந்துல ஒரு தடவதான், மழையில நனைஞ்சு தானா கிழியுற வரைக்கும் இருக்கும்.

படி 2: நாள் கணக்கும் லீவும்

நம்மூரு மாதிரி அன்னைக்கே எடுக்குறது கெடையாது. சட்டப்படி இறந்து 24 மணி நேரத்துக்கு முன்னாடி அடக்கம் பண்ணக்கூடாது, வீட்டுல இறந்தா 72 மணி நேரத்துக்குள்ள உடல வீட்ட விட்டு எடுத்துடணும். 1959ல போட்ட சட்டம். நடைமுறையில மூணு நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும். இங்கிலாந்துல இருக்குற என் மச்சான்கிட்ட சொன்னப்ப அவனுக்கு ஆச்சரியம், ஏன்னா அங்க ரெண்டு வாரம் மூணு வாரம் ஆகுறது சாதாரணம், கிரெமடோரியத்துல ஸ்லாட் கெடைக்கணுமே.

லீவு விஷயம்: அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, புள்ளைங்க இறந்தா சம்பளத்தோட 2 நாள். கூடப் பொறந்தவங்க, தாத்தா பாட்டி, மாமனார் மாமியாருக்கு 1 நாள். இது வருஷ லீவுல கழியாது. நம்ம அப்பா ஊருல இறந்தாலும் இதே 2 நாள்தான், அது ஃபிளைட்டுக்கே பத்தாது, மிச்சத்துக்கு வருஷ லீவுதான். கூட வேலை பாக்குறவங்க சாவுக்குனு தனியா லீவு கெடையாது, ஆனா மேனேஜர்கிட்ட சொன்னா ரெண்டு மணி நேரம் விட்டுடுவாங்க, யாரும் வேணாம்னு சொல்லி நான் பாத்ததில்ல.

படி 3: டிரஸ், பூ (நான் மாட்டுனது இங்கதான்)

கருப்பு. அவ்வளவுதான். கருப்பு இல்லனா கரு நீலம், அடர் சாம்பல். வெள்ளை போட்டுட்டுப் போய் நிக்காதீங்க. குளிர்காலம்னா ஷூ முக்கியம், பனியில ஒரு மணி நேரம் நிக்கணும்.

பூ வாங்குறதுலதான் கணக்கே இருக்கு. சந்தோஷமான விஷயத்துக்கு ஒத்தப்படை, சாவுக்கு ரெட்டைப்படை. நம்ம மொய்ல 100 வெக்காம 101 வெப்போமே, அந்தக் கணக்கேதான். எனக்கு இது தெரியாது. பொக்கேனா நெறைய இருந்தா நல்லாருக்கும்னு 7 வெள்ளை ரோஜா கட்டி வாங்கிட்டுப் போனேன். கல்லறை கேட்டுல எங்க பில்டிங் பாட்டி ஒருத்தவங்க என் கையப் பாத்தாங்க, உதட்ட அசைச்சு எண்ணினாங்க, ஒண்ணுமே பேசல, ஒரு ரோஜாவ மட்டும் நாசூக்கா உருவினாங்க. உருவினத தூக்கிப் போடல, பக்கத்துல விளக்கே இல்லாம பாசி புடிச்சுக் கெடந்த ஒரு கல்லறை மேல வெச்சுட்டு "இப்ப சரி"னு சொல்லிட்டு நடந்துட்டாங்க.

சாமந்தி, அதாவது கிரிஸாந்திமம், இங்க முழுக்க முழுக்க கல்லறைப் பூ. நம்மூர்ல பூஜைக்கு வாங்குற பழக்கத்துல யாராவது வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது ஒரு தொட்டி சாமந்தி தூக்கிட்டுப் போனீங்கனா அந்த வீட்டுக்காரங்க மூஞ்சிய நீங்க மறக்க மாட்டீங்க. அதே பூவ அமெரிக்காவுல இலையுதிர் காலத்துல வீட்டு வாசல்ல பூசணிக்காய் பக்கத்துல அழகுக்கு அடுக்கி வெப்பாங்க.

ஆபீஸ் சார்புல போறீங்கனா எல்லாரும் காசு போட்டு ஒரு பெரிய பூ வளையம் வாங்குங்க. கடையிலயே ரிப்பன்ல எழுதிக் குடுப்பாங்க, "கடைசி விடை, உங்கள் அலுவலக நண்பர்கள்"னு போலிஷ்ல சொன்னா போதும். தனியா போறவங்களுக்கு ரெண்டு நாலு பூவும் ஒரு ஸ்னிச்சும் போதும். ஸ்னிச்னா கண்ணாடிக் கூண்டுக்குள்ள எரியுற கல்லறை விளக்கு, அதப் பத்தி கீழ நெறைய வரும்.

படி 4: காசு குடுக்கலாமா?

குடும்பத்து கையில கவர் திணிக்காதீங்க, அந்தப் பழக்கம் இல்ல. ஜப்பான்லதான் சாவுக்குனே தனி கவர் இருக்கு. இங்க அதுக்குப் பதிலா இறந்தவங்க பேருல பூசை வெக்க சர்ச்ல காசு கட்டுவாங்க, வருஷம் முழுக்க அந்தப் பூசைகள் நடக்கும். அதுலயும் கிரகோரியன் பூசைனு ஒண்ணு இருக்கு, ஒரே ஆளுக்காக 30 நாள் தொடர்ச்சியா, ஒரு நாள் கூட விடாம.

செலவுக்கு அரசாங்கம் ஒரு தொகை குடுக்குது. ஸூஸ்னு சொல்ற சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் மூலமா வரும், 2011ல இருந்து 4000 ஸ்லோட்டியாவே இருந்துச்சு, விலைவாசி எங்கயோ போயும் அத ஏத்தவே இல்ல, ஒரு வழியா 2026 ஜனவரி 1ல இருந்து 7000 ஆக்கியிருக்காங்க. இறந்து 12 மாசத்துக்குள்ள அப்ளை பண்ணணும்.

படி 5: சர்ச்ல

பூசைக்கு அரை மணி நேரம் முன்னாடி ஜெபமாலை சொல்லுவாங்க, ருஜானியெட்ஸ்னு பேரு. நீங்க பூசைக்குப் பத்து நிமிஷம் முன்ன போனா போதும். பின்னாடி பெஞ்ச்ல உக்காருங்க, முன் வரிசை குடும்பத்துக்கு. எல்லாரும் எந்திரிச்சா எந்திரிங்க, முட்டி போட்டா நீங்க உக்காந்தே இருக்கலாம். நற்கருணை, அதாவது பாதிரியார் குடுக்குற அப்பம், வாங்க வரிசையில போவாங்க, கத்தோலிக்கரா இல்லனா போகாதீங்க, நான் கூட்டத்தோட கூட்டமா எந்திரிச்சு பாதி தூரம் போய்ட்டு திரும்பி வந்தேன்.

பெட்டி பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். முகம் பாக்கணும்னா பூசைக்கு முன்னாடி கல்லறை சேப்பல்லயோ ஃப்யூனரல் ஹோம்லயோ சில குடும்பம் கொஞ்ச நேரம் தெறந்து வெப்பாங்க. அமெரிக்காவுல உடலுக்கு எம்பாமிங் பண்ணி (கெடாம மருந்து ஏத்தி), மேக்கப் போட்டு, ஹால்ல வெச்சு, வரிசையா வந்து பாக்குறதே தனி நிகழ்ச்சி. அந்த அளவுக்கு இங்க கெடையாது.

எனக்குப் பெரிய வித்தியாசமா பட்டது வேற. இங்கிலாந்து, அமெரிக்காவுல மகன், நண்பன்னு ஆளாளுக்கு மைக் புடிச்சு இறந்தவரோட காமெடியெல்லாம் சொல்லி சிரிக்க வெப்பாங்க, அவருக்குப் புடிச்ச பாட்டப் போடுவாங்க, "கலர் டிரஸ்ல வாங்க"னு கூட சொல்லுவாங்க. போலந்து பூசையில அந்த மனுஷனப் பத்தி பாதிரியார் பேசுறது ஒரு அஞ்சு நிமிஷம் இருந்தா அதிகம், மிச்சமெல்லாம் அவரோட ஆத்மாவுக்கு ஜெபம். எங்க ஹவுஸ் ஓனர் அம்மாவோட வீட்டுக்காரர், அந்த தாத்தா, 38 வருஷம் ரயில்வேல இருந்தவர்ங்குறதே எனக்கு சாப்பாட்டுலதான் தெரிஞ்சது. குறையா சொல்லல, இவங்க அங்க கூடுறது அவருக்காக வேண்டிக்கத்தான், நினைவெல்லாம் அப்புறம் சோறு திங்கும்போது வரும்.

மதம் வேணாம்னு சொல்ற குடும்பங்களும் இப்ப இருக்கு. அங்க பாதிரியாருக்குப் பதிலா சடங்கு நடத்துறதுக்குனே ஒருத்தர் வருவார், இறந்தவரோட வாழ்க்கைய நல்லா விசாரிச்சு எழுதி வாசிப்பார், டிரம்பெட் வாசிக்க ஒரு ஆள் நிப்பார்.

படி 6: ஊர்வலமும் மண்ணு போடுறதும்

எங்க ஹவுஸ் ஓனர் வீட்டுத் தாத்தாவ அடக்கம் பண்ணது அவரோட சொந்த கிராமத்துல. சர்ச்ல இருந்து கல்லறை வரைக்கும் நடைதான், பின்னாடி வந்த காரெல்லாம் முந்தாம மெதுவா உருண்டு வந்துச்சு. முன்னாடி சிலுவை, அப்புறம் வளையம் தூக்கினவங்க, பாதிரியார், பெட்டி, குடும்பம், கடைசியில நாம. பொம்பளைங்க எல்லாரும் வருவாங்க, வாசலோட நிக்குற வழக்கம் இங்க கெடையாது. பறை, வேட்டு எதுவும் இல்ல, ஆனா சைலேசியா பக்கம் சுரங்கத் தொழிலாளி இறந்தா கூட வேலை பாத்தவங்க கருப்பு யூனிஃபார்ம், எறகு வெச்ச தொப்பியோட வருவாங்க, பேண்ட் வாசிச்சுக்கிட்டே போகும், அது பாக்க வேண்டிய மரியாதை.

குழியில பெட்டிய இறக்குற வரைக்கும் எல்லாரும் நிப்பாங்க. அமெரிக்காவுல பல இடத்துல ஆளுங்க கெளம்பினப்புறம்தான் இறக்குவாங்க, இங்கிலாந்து கிரெமடோரியத்துல திரைய மூடிடுவாங்க. இங்க மறைக்கிறது இல்ல, கயித்துல இறக்குறாங்க, கயிறு மரத்துல உரசுற சத்தம் கூட கேக்கும். அப்புறம் ஒவ்வொருத்தரா ஒரு பிடி மண்ணு போடுவாங்க. நீங்களும் போடலாம், தப்பே இல்ல. அது முடிஞ்சதும் பூ வளையத்த எல்லாம் மேல அடுக்கி மண்ணே தெரியாம மூடிடுவாங்க.

துக்கம் விசாரிக்க நீங்க மனப்பாடம் பண்ண வேண்டியது ரெண்டே வார்த்த: "மோயெ கொண்டொலென்ட்ஸ்யே". கையக் குடுத்து, கண்ணப் பாத்து, இத மட்டும் சொல்லிட்டு நகருங்க. எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, பிபி இருந்துச்சானு நம்ம பழக்கத்துல கேள்வி கேக்காதீங்க, பின்னாடி முப்பது பேர் நிக்குறாங்க.

முடிச்சு வீட்டுக்கு வந்து தல குளிக்கணும்னு இங்க யாருக்கும் கெடையாது. நான் குளிச்சேன், அது என் அம்மா போன்ல சொன்னதுக்காக.

படி 7: சாப்பாடு

பேரு ஸ்டிப்பா. கல்லறையிலயே குடும்பத்துல ஒருத்தர் "வாங்க, இந்த ரெஸ்டாரண்ட்ல"னு சொல்லுவாங்க. சொன்னா போங்க, சொல்லலனா போகாதீங்க, சாவுக்கு அழைப்பு வேணாம், சாப்பாட்டுக்கு வேணும். வீட்டுல அடுப்பு பத்த வெக்கக்கூடாதுனு எதுவும் இல்ல, ஆனா வசதிக்காக இப்ப ஹோட்டல்லயே வெச்சுடுறாங்க. மெனு ஊரெல்லாம் ஒண்ணுதான்: ரோசுவ்னு சொல்ற தெளிவான கோழி சூப்ல நூடுல்ஸ், பன்றிக்கறி கட்லெட், உருளைக்கிழங்கு, கோஸ் சாலட், அப்புறம் காபி, கேக். சைவம்னா சூப்பே கோழிங்குறத மறந்துடாதீங்க, "கறி இல்லாத பியெரோகி இருக்கா"னு மெதுவா சர்வர்கிட்ட கேளுங்க, பியெரோகினா உள்ள பூரணம் வெச்ச கொழுக்கட்டை மாதிரி.

ஜெர்மனிக்காரங்க இதே நேரத்துல காபியும் வெண்ணெய் கேக்கும் வெச்சு முடிச்சுடுவாங்க, அயர்லாந்துல பப்புக்குப் போயிடுவாங்க. போலந்துல சில வீட்டுல வோட்கா வரும், சில வீட்டுல சொட்டு கூட இருக்காது. வந்தா கிளாஸ இடிச்சு சியர்ஸ் மட்டும் சொல்லிடாதீங்க. இங்கதான் எல்லாரும் வாய தெறப்பாங்க, தாத்தா ரயில கெளப்பிட்டு சாப்பாட்டு டப்பாவ பிளாட்ஃபார்ம்ல விட்ட கதைக்கு ஹவுஸ் ஓனர் அம்மாவே சிரிச்சாங்க.

படி 8: இனிமேதான் வேலையே

இங்கிலாந்துலயோ அமெரிக்காவுலயோ சாவுங்குறது பெரும்பாலும் அந்த ஒரு நாளோட முடியுது. போலந்துல அடக்கம் பண்ண அன்னைக்குத்தான் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வீடு கெடைக்குது, அத வருஷக்கணக்கா கூட்டணும், தொடைக்கணும், விளக்கு போடணும். மிகையா சொல்லல. சனிக்கிழமை கல்லறைக்குப் போய் பாருங்க, பாட்டிங்க கையில பக்கெட், பிரஷ், பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய பல் தேய்க்கிற பிரஷ். பல் பிரஷ் எதுக்குனா கல்லுல வெட்டின எழுத்துக்குள்ள போற அழுக்க எடுக்க. ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு முதுகு வலிங்குறதால அக்டோபர்ல ஒரு நாள் நான் தண்ணி தூக்கப் போனேன். கிரானைட்ட மூணு தடவ தொடச்சாங்க, குனிஞ்சு வெளிச்சத்துல பாத்து கோடு தெரியுதுனு நாலாவது தடவ. கல்லுல அவங்க பேரும் ஏற்கனவே வெட்டியிருக்கு, பொறந்த வருஷம் போட்டு பக்கத்துல கோடு, அதுக்கப்புறம் காலி. தன் பேரத் தானே தொடச்சுட்டு "இங்க எடம் மிச்சம் வெச்சிருக்கேன், அவசரம் இல்ல"ன்னாங்க. எனக்குத்தான் எங்க பாக்குறதுனு தெரியல.

எடம் சும்மா கெடையாது. மண்ணு கல்லறைக்கு 20 வருஷம்தான், அப்புறம் திரும்பக் கட்டணம் கட்டலனா வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாம். ஜெர்மனியிலயும் இந்த வாடகை முறை இருக்கு.

விளக்குக்கு வருவோம். ஸ்னிச் சூப்பர் மார்க்கெட்லயே கெடைக்கும், கண்ணாடி, பிளாஸ்டிக், பேட்டரி போட்ட எல்இடினு. உள்ள இருக்குற மெழுக மட்டும் தனியா வாங்கி மாத்தலாம், அதனால கண்ணாடி கூண்ட தூக்கிப் போடாதீங்க. நாள் கணக்குல எரியுறது கூட இருக்கு. கல்லறையில மட்டும் இல்ல, வார்சாவுல போர்க்காலத்துல ஆளுங்கள சுட்டுக் கொன்ன சுவர்கள்ல நினைவுக் கல்லு பதிச்சிருப்பாங்க, அது முன்னாடியும் எரியும். 2005 ஏப்ரல்ல போப் ஜான் பால் இறந்தப்ப தெருவோரமெல்லாம் இதத்தான் ஏத்தி வெச்சாங்க.

நவம்பர் 1 எல்லாப் புனிதர்கள் நாள், அரசு விடுமுறை. அடுத்த நாள் ஸாதுஷ்கி, எல்லா ஆத்மாக்களுக்கான நாள். நம்ம பொங்கலுக்கு ஊருக்குப் போற கூட்டம் மாதிரி நாடே கெளம்பும், ரோட்டுல எக்ஸ்ட்ரா போலீஸ், அந்த ஆபரேஷனுக்கே "ஸ்னிச்"னுதான் பேரு. சிட்டியில கல்லறைக்குனே ஸ்பெஷல் பஸ், டிராம் விடுவாங்க. கடை எல்லாம் மூடியிருக்கும், அதனால விளக்க முந்தின நாளே வாங்கி வெச்சுக்கோங்க, கல்லறை வாசல்ல வித்தாலும் வெல கூட. கிராக்கோவ்ல ராகோவிட்ஸ்கி கல்லறை கேட்டுல மியோதெக் துரெட்ஸ்கினு சர்க்கரை, நட்ஸ் போட்ட கல்லு மாதிரி மிட்டாய் விப்பாங்க, வார்சாவுல பான்ஸ்கா ஸ்குர்கா, ரோஸ் வெள்ளையில பேப்பர்ல சுத்தினது. பல்லு ஜாக்கிரத. வார்சாவுல 1790ல ஆரம்பிச்ச பொவோன்ஸ்கி கல்லறையில நடிகர்கள், பிரபலங்கள் உண்டியலோட நின்னு பழைய சிலைகள சரி பண்ண காசு வசூல் பண்ணுவாங்க, 1975ல யெழி வால்டோர்ஃப்னு ஒரு எழுத்தாளர் தொடங்கி வெச்சது.

இருட்டினப்புறம் போங்க, பகல்ல போய்ட்டு "அவ்வளவுதானா"னு வராதீங்க. ஆயிரக்கணக்குல செவப்பு, மஞ்சள், வெள்ளைக் கூண்டு எரியும், மெழுகு வாசனையும் ஈர இலை வாசனையும் கலந்து இருக்கும். இவ்வளவு கூட்டத்துலயும் சத்தமே இருக்காது. மெக்சிகோல இதே நாள்ல பாட்டு, சாப்பாடு, மண்டை ஓட்டு வேஷம்னு திருவிழாவா இருக்கும், இங்க அது எடுபடாது. அன்னைக்கு ஆள் வராத கல்லறை ஏதாவது கண்ணுல பட்டா ஒரு விளக்கு வெச்சுட்டு வாங்க, எல்லாரும் செய்றதுதான்.

படி 9: பழைய வழக்கங்க, சும்மா தெரிஞ்சுக்க

சிட்டியில இதெல்லாம் இப்ப பெருசா இல்ல. சாகப்போறவங்க கையில க்ரோம்னிட்ஸா குடுப்பாங்க, பிப்ரவரி 2 அன்னைக்கு சர்ச்ல மந்திரிச்ச மெழுகுவர்த்தி. உசுரு போனதும் கடிகாரத்த நிறுத்தி, கண்ணாடிய மூடி, ஜன்னலத் தெறந்து விடுவாங்க. பெட்டிய வெளிய தூக்கும்போது வாசப்படியில மூணு தட்டு, வீட்டுக்கு விடை சொல்றதாம். தேனீ வளக்குறவர் இறந்தா கூட்டுகிட்ட போய் "உங்க எஜமான் போய்ட்டார்"னு சொல்லுவாங்க. கஷூபியா பக்கம் அடக்கத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க உக்காந்து பாடுறதுக்கு "வெறும் ராத்திரி"னு பேரு, நம்ம ஒப்பாரி ராத்திரி மாதிரி, ஆனா பக்திப் பாட்டு. புருஷன் இறந்தா ஒரு வருஷமும் ஆறு வாரமும் கருப்புங்குறது பழைய கணக்கு.

படி 10: நம்மாளு ஒருத்தர் இங்க இறந்துட்டா

எழுத கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோங்க. டாக்டர் குடுக்குற இறப்புச் சீட்ட வாங்கி 3 நாளுக்குள்ள சிவில் ரெஜிஸ்ட்ரி ஆபீஸ்ல பதியணும், அங்கதான் டெத் சர்டிஃபிகேட். அடுத்து வார்சா இந்தியத் தூதரகத்துக்கு போன். உடல ஊருக்கு அனுப்பணும்னா சர்டிஃபிகேட், எம்பாமிங் சான்று, தொற்று நோய் இல்லனு ஒரு சான்று, ரத்து பண்ண பாஸ்போர்ட், தூதரகத்து என்ஓசி எல்லாம் கேப்பாங்க, வெளிநாட்டு கேஸ் பழக்கம் இருக்குற ஃப்யூனரல் ஹோமா புடிச்சா பாதி வேலைய அவங்களே ஓட்டிடுவாங்க.

இங்கயே தகனம் பண்ணலாம், 1993ல போஸ்னான்ல முதல் கிரெமடோரியம் வந்துச்சு, இப்ப பெரிய ஊர் எல்லாத்துலயும் இருக்கு. ஆனா அஸ்திய விஸ்துலா ஆத்துல கரைக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சட்டப்படி குத்தம். தூவக்கூடாது, வீட்டுல வெச்சுக்கவும் கூடாது, கல்லறையிலயோ அஸ்தி வெக்குற சுவர்லயோதான் வெக்கணும். இங்கிலாந்துல தாராளமா ஆத்துல கரைக்கலாம், ஜெர்மனியிலயும் பிரெமன்ல 2015ல இருந்து நிபந்தனையோட தோட்டத்துல தூவ விடுறாங்க. நமக்கு இங்க இருக்குற வழி, பேப்பர் எல்லாம் சரி பண்ணி அஸ்திய ஊருக்கு எடுத்துட்டுப் போறதுதான்.

மத்தவங்க பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல: யூதக் கல்லறைக்குப் போனா பூ வேணாம், சின்னக் கல்லு வெப்பாங்க, ஆம்பளைங்க தலைய மூடிக்கணும். பொட்லாசியே பக்கம் க்ருஷினியானி, போஹோனிகி கிராமங்கள்ல தாத்தார் இன முஸ்லிம்களோட கல்லறை இருக்கு, கிழக்கு எல்லைப் பக்கம் ஆர்த்தடாக்ஸ்காரங்க பெட்டிய தெறந்தே வெச்சு பூசை நடத்துவாங்க.

இந்த நவம்பர் 1க்குப் போறவங்களுக்கு ஒண்ணு. சிகரெட் லைட்டர் எடுத்துட்டுப் போகாதீங்க, கூண்டுக்குள்ள கை போகாது, விரல் சுட்டுக்கும், காத்துக்கு நிக்கவும் நிக்காது. கேஸ் அடுப்பு பத்த வெக்குற நீள லைட்டர் எடுத்துக்கோங்க. பக்கத்துக் கல்லறைக்காரங்க ரெண்டு பேராவது கண்டிப்பா கடன் கேப்பாங்க.